பழனியாயி பேசாத நாவல்

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம். பெயரில்தான் தென்னை, புகழ் செம்பனையால் வந்தது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் அங்கேதான் நடந்தது. நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905இல் மலாயா வந்து, கோல சிலாங்கூர்ப் பக்கம் ரந்தாவ் பாஞ்சாங்கில் காடழித்துக் கித்தாத் தோட்டம் போட்டவர். செம்பனை வரலாறு எழுதுகிறவர்கள் அவரை மறப்பதில்லை. அவர் எழுதிய 'மலேசி' நாவல் 1930இல் பிரான்சின் கொங்கூர் பரிசு பெற்றதைத்தான் நம்மில் பலர் அறிய மாட்டோம். (மூன்றாண்டு கழித்து அவர் தங்கை ஜெனவியேவ் ஃபெமினா பரிசு வாங்கினார். பொல்லாத வீடு!)

இந்த நாவலை நாம் வாசிக்க எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வலுவான காரணம் உண்டு. நம் லயத்துப் பெண் ஒருத்தி அதில் இருக்கிறாள்.

முதல் உலகப் போரில் பழகிய லெஸ்கால், ரோலேன் என்ற இருவர் மலாயாவில் மறுபடி சேர்கிறார்கள். ரோலேன் பழைய தோட்டக்காரன், தனக்கென்று ஒரு வாழ்க்கைத் தத்துவம் வைத்திருப்பவன். லெஸ்கால் அவனிடம் தொழிலும் கற்கிறான், தத்துவமும் கற்கிறான். லெஸ்காலுக்குத் தமிழ்க் கூலிப்பெண் ஒருத்தியோடு உறவு. பழனியாயி என்று அவள் பெயரைக் கொள்ளலாம். பின்பகுதி மலாய் இளைஞன் ஸ்மாயில் பக்கம் திரும்பி, அவன் அமோக் வெறியில் போய் முடிகிறது.

கதைமாந்தர்களைக் கழுவித் துடைத்து நிறுத்தாதது ஃபோக்கோனியேயின் பெரிய பலம். லெஸ்கால் சபலக்காரன், சந்தேகப் பிராணி. ரோலேனின் ஞானத்துக்குள் ஆணவம் ஒளிந்திருக்கிறது. வெள்ளைக்காரர் கிளப்பின் சடங்குகளை நாவல் நையாண்டி செய்கிறது. அதே காலத்தில் மலாயாத் துரைமார்களைப் பற்றி எழுதிய சோமர்செட் மாமின் கதைகளில் கூலிகள் பெரும்பாலும் தூரத்துத் தலைகள்தாம். ஃபோக்கோனியே பல ஆண்டு தோட்டம் நடத்தியவர். விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முதல் மழைக்கால ஆறு வரை, நேரில் நின்று பார்த்தவனின் கண் அவருக்கு இருக்கிறது. காடு வரும் பக்கங்களில் நான் என்னை மறந்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பழனியாயி? அவளுடைய உடல் எழுதப்பட்டிருக்கிறது. அவளால் லெஸ்கால் மனத்தில் எழும் அலைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. அவள் அவனைப் பற்றி என்ன நினைத்தாள் என்பது எழுதப்படவில்லை. பேர் போடும் கிராணி முதல் சம்பளம் கொடுக்கும் கை வரை எல்லாம் துரையின் கீழ். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண்ணின் 'சரி' என்பதற்கு என்ன பொருள்? நாவல் அந்த இடத்தில் நிற்காமல் நடந்துபோகிறது. 1931 கணக்கெடுப்பின்படி மலாயா இந்தியரில் 1,000 ஆண்களுக்கு 500 பெண்கள்கூட இல்லை. கங்காணி முறை கூட்டிவந்த கூட்டம் அப்படி. லயத்தில் ஒரு பெண் யாரோடு இருக்கிறாள் என்பதற்குக் கத்திக்குத்து வரை போன காலம். துரை பங்களாவுக்குப் போய்வந்தவள் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் எப்படி நின்றிருப்பாள்? லெஸ்காலுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. எழுத்தாளருக்கு இருந்தது.

இன்னொன்றும் உறுத்துகிறது. மலாய்க்காரருக்கு நாவல் அவர்களுடைய பாட்டு வடிவமான பந்தூனைக் கொடுக்கிறது. அழகும் மர்மமும் ஆன்மாவும் அவர்களுடையவை. 1931இல் வந்த ஆங்கிலப் பெயர்ப்பின் தலைப்பே மலாயாவின் ஆன்மா என்றாகிவிட்டது. தமிழருக்குக் கிடைத்தது வேலை. லயங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்காத நாளா? அவை பந்தூன் உட்கார்ந்த பீடத்தில் ஏறவில்லை.

அந்தக் காலத்து வெள்ளைக்காரனிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று கேட்பார்கள். கேட்கலாம்தான். பதிலுக்குப் புதுமைப்பித்தனைக் காட்டுவேன். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் வந்தது 'துன்பக்கேணி'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மருதிக்கு நேர்வதை அவர் பெண்ணின் பக்கம் நின்று சொன்னார். நோயும் அவமானமும் யார் உடம்பில் இறங்குகின்றன என்று காட்டினார். தோட்டம் நடத்திய அனுபவம் அதற்குத் தேவைப்படவில்லை.

இதைச் சொன்ன கையோடு மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மருதி கிட்டத்தட்ட முழுக்கத் துன்பம். அவளுக்கு ஆசையென்று ஒன்று இருந்ததா என்பதில் புதுமைப்பித்தனுக்கு அக்கறை குறைவு. பழனியாயியைப் பரிதாபப் பொருளாக்காமல் விட்டார் ஃபோக்கோனியே. அவளிடம் ஒரு துணிச்சலை அனுமதித்தார். ஒருவரிடம் வலி மட்டும், மற்றவரிடம் வசீகரம் மட்டும். ஆசையும் வலியும் கணக்குப்பார்க்கும் புத்தியும் சேர்ந்த தோட்டத்துப் பெண்ணுக்காக நான் இன்னும் நம் நாவல்களில் தேடிக்கொண்டிருக்கிறேன். நாமும் அவளைத் தாயாகவோ தியாகியாகவோ ஆக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறோம்.

மலாயாத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பிறகு சயாம் ரயில்பாலத்தை நாவலாக்கிய பியேர் பூலும் பிரெஞ்சுக்காரர்தான். அந்த ரயில்பாதையைப் போடும்போது செத்த தோட்டத் தமிழர்கள் அவர் கதையின் மையத்தில் இல்லை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

'மலேசி'யைத் தமிழாக்க உட்காருகிறவர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் அவள் பெயர். பிரெஞ்சு எழுத்தை அப்படியே ஒலித்தால் 'பலனியாய்' என்று ஏதோ வருகிறது. பழனியாயியா, பழனியம்மாளா? இருட்டுப் பிரியாத பெரட்டில் கிராணி எந்தப் பெயரைக் கூப்பிட்டிருந்தால் அவள் "இருக்கேங்க" என்று குரல் கொடுத்திருப்பாள்?