யாருடைய 'கீழ்'? – ஓர் இசைத்தட்டை முன்வைத்து

1983இல் மேற்கு பெர்லினில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கீழிருந்து கிழக்கு ஜெர்மனி'. கிழக்கில் ரகசியமாகப் பதிவாகி, சுவரைத் தாண்டிக் கடத்தப்பட்டு வந்த முதல் கிழக்கு ஜெர்மன் பங்க் இசைத்தட்டு அது. சர்வாதிகாரத்துக்கு எதிரான கலகக்குரல் என்று இன்றைக்கு எல்லோரும் புகழ்கிறார்கள். கலகம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தலைப்பில் இருக்கிற 'கீழிருந்து' என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. யாருடைய கீழ்? அந்தக் கீழுக்கும் கீழே யாரும் இல்லையா?

முதலில் தட்டைத் திருப்பிப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் 'ட்ஸ்விட்ஷர்மஷீனெ' குழு. பவுல் க்ளேயின் ஓவியத் தலைப்பையே பெயராக வைத்துக்கொண்ட ட்ரெஸ்டன் நகரத்து ஓவியர்கள், கவிஞர்கள். மறுபக்கத்தில் எர்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்டோட்டர்ன்ஹைம் கிராமத்துப் பையன்கள். சொந்தப் பெயர் 'ஷ்லைம்கைம்'. மாட்டிக்கொள்ளாமலிருக்க 'பன்றிப் பயல்கள்' என்று பொருள்படும் வேறு பெயரில் வந்தார்கள். ஊர் வைகிற வசவையே எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்ட பெயர். அங்கே சொல் யோசித்து யோசித்து வருகிறது. இங்கே டிரம்ஸ் அடித்துக்கொண்டே டீட்டர் ஏர்லிஷ் தொண்டை கிழியக் கத்துகிறான். ஒரே தட்டுதான், ஆனால் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் பற்றி யாரும் எழுதுவதில்லை.

லண்டன் பையன் 'எதிர்காலமே இல்லை' என்றான். வேலையில்லை, அதனால் சொன்னான். கிழக்கு ஜெர்மன் பையனுக்குப் பிரச்சனையே வேறு. பள்ளிக்கூடம், இளைஞர் சங்கம், பட்டாளம், தொழிற்சாலை என்று எதிர்காலம் முழுவதையும் அரசே எழுதி வைத்துவிட்டது. வேலைக்குப் போகாவிட்டால் குற்றவியல் சட்டம் 249ஆம் பிரிவு, 'சமூக விரோதி' என்று உள்ளே தள்ளலாம். மேடையேறிப் பாட வேண்டுமானால் ஒரு குழுவுக்கு முன்னால் வாசித்துக் காட்டி உரிமம் வாங்க வேண்டும். உரிமம் இல்லாதவர்களுக்குத் தேவாலயங்கள்தான் இடம் கொடுத்தன. கடவுள் பேரே சொல்லாத பையன்கள் பலிபீடத்துக்கு முன்னால் கத்திக்கொண்டிருந்தார்கள். 1983இல் ரகசியப் போலீஸ் மந்திரி எரிஷ் மீல்கெ பங்க்குகளிடம் கடுமை காட்டச் சொல்லி உத்தரவு போட்டார். அந்த வருஷமே 'நாமென்லோஸ்' குழுவினர் பிடிபட்டு, ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுவரை சிறை பெற்றார்கள். செய்த குற்றம், பாடியதுதான். கிழக்கு பெர்லினில் நாஜிகள் மறுபடி தலைகாட்டுகிறார்கள் என்றும் அவர்கள் பாடியிருந்தார்கள்.

தட்டின் கதைக்குத் திரும்புகிறேன். கவிஞர் பக்கத்தில் முக்கியமான ஆள் சாஷா ஆண்டர்சன். அவர் ஸ்டாசியின் ஆள்காட்டி. 1991இல் பாடகர் வோல்ஃப் பியர்மான் இதை மேடையில் போட்டுடைத்தார். அன்றைக்கு என்ன நடந்தது? கிராமத்து ஏர்லிஷ் கைதானான். ஆண்டர்சன் 1986இல் மேற்கு பெர்லினுக்குக் குடிபோனார். அதே குழுவின் ஓவியர் கொர்னேலியா ஷ்லைமெ பின்னாளில் தன்னைப் பற்றிய ஸ்டாசி கோப்புகளைப் படித்தார். 1993இல் அந்தத் தாள்களையே எடுத்துத் தன் படங்களைச் சேர்த்துக் கலையாக்கினார். தன்னை எழுதியவனின் எழுத்தைத் தானே திருப்பி எழுதுவது என்றால் இதுதான். என் கணக்கில் தட்டைவிடக் கூர்மையான எதிர்வினை அது.

1987 அக்டோபர் 17. கிழக்கு பெர்லின் ட்சியோன் தேவாலயத்தில் கச்சேரி. மேற்கிலிருந்து 'எலிமென்ட் ஆஃப் க்ரைம்', கிழக்கிலிருந்து 'ஃபிர்மா'. மொட்டைத்தலைக் கும்பல் நாஜிக் கோஷம் போட்டுக்கொண்டு புகுந்து அடித்தது. போலீஸ் பக்கத்திலேயே நின்றது, தடுக்கவில்லை. பாசிசத்தை வேரோடு பிடுங்கிவிட்டோம் என்று தம்பட்டம் அடித்த நாடு அது. இருக்கிறது என்று 1983இல் பாடினவனுக்கு ஜெயில். அடித்தவனுக்கு முதல் வழக்கில் லேசான தண்டனை, கண்டனம் கிளம்பிய பிறகுதான் கூட்டினார்கள்.

இனி அந்தக் கீழுக்கும் கீழே. 1989இல் கிழக்கு ஜெர்மனியில் ஏறத்தாழ 90,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள், அடுத்து மொசாம்பிக்காரர்கள். தனி விடுதியில் வைத்தார்கள். பெண் கருவுற்றால் கலைக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும். மொசாம்பிக்காரர் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, ஊரில் கிடைக்கும் என்றார்கள். பலருக்கு அது முழுசாக வந்து சேரவேயில்லை. சுவர் 1989இல் விழுந்தது. 1991 செப்டம்பரில் ஹோயர்ஸ்வெர்டா நகரில் இவர்களுடைய விடுதியைக் கல்லால் அடித்தார்கள். அக்கம்பக்கத்தார் நின்று கைதட்டினார்கள். அரசு என்ன செய்தது? அடிபட்டவர்களை பஸ்ஸில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பியது.

பங்க் பையனும் அடி வாங்கினான், ஜெயிலுக்குப் போனான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கிழிந்த தோல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முடியைப் படிய வாரிக்கொண்டு அவன் ட்ராமில் ஏறலாம். மொசாம்பிக்காரன் எதைக் கழற்றுவான்? இழிவைத் தேர்ந்தெடுத்து அணிவது ஒன்று, இழிவு உடம்பிலேயே ஒட்டவைக்கப்படுவது வேறொன்று. இரண்டும் கலகத்துக்குக் காரணமாகலாம். ஆனால் இரண்டையும் ஒரே 'கீழ்' என்று எழுதுகிற விமர்சனம் பொய் பேசுகிறது.

நான் வாசித்த பங்க் வரலாறுகளில் இந்தத் தொழிலாளி வந்தால் அடிபட்டவனாக மட்டுமே வருகிறான். அவன் குரல் இல்லை. ஆனால் ஊர் திரும்பியவர்கள் மபூட்டோ வீதிகளில் பல ஆண்டுகள் புதன்கிழமைதோறும், இல்லாமல் போன அந்த நாட்டின் கொடியையும் பிடித்துக்கொண்டு, கூலியைக் கேட்டு ஊர்வலம் போனார்கள். பாட்டும் மேளமும் அதில் உண்டு. கீழிருந்து வரும் சத்தத்தைத் தேடுகிற விமர்சகன் முதலில் காது வைக்க வேண்டிய இடம் அது. அதைக் கேட்டுவிட்டு வந்து அந்தத் தட்டைப் போடட்டும். பன்றிப் பயல்கள் பக்கம் அப்போது இன்னும் நல்லாவே கேட்கும்.