மௌனத்துக்கு முதல் போட்டவர்

'சலங்கை ஒலி'யின் அழைப்பிதழ்க் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மாதவி கொடுத்த நடன விழா அழைப்பிதழை பாலு புரட்டுகிறான். பெரிய பெரிய நாட்டியக் கலைஞர்களின் படங்கள். கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவனின் பரவசம் அவன் முகத்தில். இன்னொரு பக்கம் புரட்டுகிறான். அங்கே அவனுடைய படம். மாதவியைப் பார்க்கிறான், மறுபடி தாளைப் பார்க்கிறான். சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வருகின்றன, பேச்சு வரவில்லை. இயக்குநர் கே. விஸ்வநாத் அந்த இடத்தில் வசனத்தைக் கொண்டுவந்து திணிக்கவில்லை. கமல்ஹாசனின் முகத்தில் நடக்க வேண்டியது நடந்து முடியும்வரை பொறுத்திருக்கிறார்.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் கமலையும் விஸ்வநாத்தையும் கொண்டாடுகிறோம். எனக்குக் கூடவே இன்னொருவரும் நினைவுக்கு வருவார். படத்தைத் தயாரித்த பூர்ணோதயா நிறுவனத்தின் ஏடித நாகேஸ்வர ராவ். படப்பிடிப்பில் ஃபிலிம் அடிக்கணக்கில் கரைந்த காலம் அது. தள வாடகை, யூனிட் சாப்பாடு, வாங்கிய கடனுக்கு வட்டி என்று ஒவ்வொரு நாளும் காசுதான். இயக்குநர் பொறுத்திருந்தார் என்றால், அந்தப் பொறுமைக்கு ஒருவர் முதல் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

நாகேஸ்வர ராவ் நாடகத்திலிருந்து வந்தவர். நடித்தார், டப்பிங் பேசினார், பிறகு தயாரிப்புக்கு வந்தார். பூர்ணோதயாவின் முதல் படம் 'தாயாரம்மா பங்காரய்யா' நன்றாக ஓடியது. ஒரு படம் ஓடிவிட்டால் அதே பாணியில் அடுத்ததற்குப் பூஜை போடுவதுதான் சினிமா வழக்கம். அவர் கையில் எடுத்ததோ 'சங்கராபரணம்'. கதாநாயகன் ஒரு வயதான கர்நாடக சங்கீத வித்வான். அந்த வேடத்தில் ஜே.வி. சோமயாஜுலு என்ற நாடக நடிகர். வருவாய்த் துறையில் டெபுடி கலெக்டராக இருந்தவர். ஜோடிப் பாட்டு, சண்டை, நட்சத்திரம் என்று போஸ்டரில் போட ஒன்றுமில்லை. முடிந்த படத்தைப் பார்த்த விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். ஏரியா விற்காத படத்தை வைத்துக்கொண்டு நிற்கும் தயாரிப்பாளரின் இரவுகள் எப்படி இருக்கும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இயக்குநரிடம் ஒரு குத்துப்பாட்டு கேட்டிருக்கலாம், ஒரு நகைச்சுவை டிராக் கேட்டிருக்கலாம். திரையில் அப்படி ஒரு ஒட்டுத்துணி எங்கும் இல்லை. அவர் கேட்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1980 பிப்ரவரி 2 அன்று படம் வெளியானது. முதல் சில நாட்கள் தியேட்டர்களில் கூட்டமில்லை. பிறகு பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ந்தது. மொழி மாற்றாமல் தெலுங்கிலேயே தமிழ்நாட்டிலும் ஓடியது. கே.வி. மகாதேவன், எஸ்.பி. பாலசுப்ரமணியம், வாணி ஜெயராம் மூவருக்கும் தேசிய விருது வந்தது. பாலு மகேந்திராவின் கேமராவையும் சேர்த்தால், நம் வீட்டுப் படம் என்றே சொல்லத் தோன்றும்.

படத்தின் வித்வானான சங்கர சாஸ்திரிக்கும் துளசி என்ற பெண்ணுக்கும் உள்ள உறவைக் கவனியுங்கள். அது என்ன உறவு என்று படம் எங்கும் பெயர் வைப்பதில்லை. இருவரும் பேசிக்கொள்வதே அபூர்வம். அவர் பாடுகிறார், அவள் கேட்கிறாள், அவ்வளவுதான். கடைசியில் மேடையில் அவர் குரல் நின்றுபோக, விட்ட இடத்திலிருந்து அவள் பிள்ளை எடுத்துப் பாடுகிறான். வித்வானின் காலில் இருந்த கண்டபெண்டேரம் என்ற கௌரவக் கழல் அந்தப் பிள்ளையின் காலுக்கு வருகிறது. வாழ்நாள் முழுக்கச் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்த ஒரு செயலில் தீர்ந்துபோகிறது.

விஸ்வநாத் சென்னை வாஹினி ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளராகத் தொடங்கியவர். சத்தத்தைப் பதிவு செய்து பழகியவருக்குத்தான் மௌனத்தின் அருமை தெரியும். இயக்குநரான பிறகும் படப்பிடிப்புக்குக் காக்கி உடுப்பிலேயே வருவார்; தளத்தில் தானும் ஒரு தொழிலாளி என்ற நினைப்பு. அந்தத் தொழிலாளிக்கு நாகேஸ்வர ராவ் நல்ல முதலாளியாக அமைந்தார். முதலாளி என்பது சினிமாக்காரர்கள் தயாரிப்பாளரைக் கூப்பிடும் பழைய சொல். கூலி கொடுப்பவர் என்பதோடு, முதலில் நம்பியவர் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு என்று இவரை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

பட வெளியீட்டின்போது மேடையில் சால்வை போர்த்தி, கண் கலங்கி, 'இவர் இல்லாவிட்டால் நான் இல்லை' என்று சொல்வது ஒரு நன்றி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விஸ்வநாத் செலுத்திய நன்றி வேறு வகை. 'சங்கராபரணம்' ஓடியபின் எந்தக் கம்பெனியின் கதவும் அவருக்குத் திறந்திருந்தது. வெளியிலும் நல்ல படங்கள் செய்தார். ஆனாலும் பூர்ணோதயாவின் வாசலுக்குத் திரும்பத் திரும்ப வந்தார். 1983இல் 'சாகர சங்கமம்', நமக்கு 'சலங்கை ஒலி'. 1986இல் 'ஸ்வாதி முத்யம்', நமக்கு 'சிப்பிக்குள் முத்து'. 1987இல் 'ஸ்வயம்க்ருஷி', 1992இல் 'ஆபத்பாந்தவுடு'. முதல் படத்தோடு சேர்த்து ஐந்து.

அந்த ஐந்தின் நாயகர்களைப் பாருங்கள். காலம் மறந்துவிட்ட வித்வான், மேடை ஏறாத நாட்டியக்காரன், கோயில் திருக்கல்யாணத்தில் ஒரு விதவைப் பெண்ணின் கழுத்தில் தாலி கட்டிவிடும் வெள்ளந்தி, செருப்புத் தைக்கிறவன், மாடு மேய்க்கிறவன். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பத்திரமான கதை என்று சொல்ல முடியாது. வெற்றி தந்த தயாரிப்பாளருக்குப் பாதுகாப்பான படம் செய்து கடனைத் தீர்க்க விஸ்வநாத் நினைக்கவில்லை. தன்னிடம் இருந்த துணிச்சலான கதைகளைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். 'சிப்பிக்குள் முத்து' இந்தியாவின் சார்பில் ஆஸ்காருக்கே போனது. கடைசிப் படம் வசூலில் கைகொடுக்கவில்லை. அதன்பின் நாகேஸ்வர ராவ் படம் எடுக்கவில்லை. லாபம் வந்தபோதும் வராதபோதும் அவர் தோள் கொடுத்தது ஒரே மாதிரியான கதைகளுக்குத்தான்.

நாகேஸ்வர ராவ் 2015இல் மறைந்தார். விஸ்வநாத் மறைந்தது 2023 பிப்ரவரி 2 அன்று. 'சங்கராபரணம்' வெளியான அதே தேதி. அந்த இரவு நான் 'சலங்கை ஒலி'யை மறுபடி போட்டுப் பார்த்தேன். வழக்கமாக டைட்டில் ஓடும்போது காபி எடுத்துவர எழுந்துவிடுவேன். அன்று எழவில்லை. தயாரிப்பாளர் பெயர் திரையில் வந்து, நின்று, போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.