கயிற்றின் அப்புறம்

இலண்டனில், முதிய படைவீரரின் உறைவிடமான றோயல் ஹொஸ்பிற்றல் வளவிலே 1913 இல் தொடங்கிய செல்சி மலர்க் கண்காட்சி, பெரும்பாலானோர்க்குப் பீ.பீ.சி. தொலைக்காட்சி வாயிலாகவே அறிமுகமாகின்றது. நேரிற் செல்பவர் காட்சித் தோட்டத்தினுள் பொதுவாக அடிவைக்க முடியாது. கயிற்றின் இப்புறம், முன்னிற்போரின் தோள்களுக்கிடையே எட்டிப் பார்ப்பதே அவருக்கு வாய்ப்பது. படப்பிடிப்புக் கருவியோ கயிற்றைக் கடந்து, ஆளரவமற்ற தோட்டத்தினுள் உலவுகின்றது. ஆகவே தொலைக்காட்சி காட்டுவது பார்வையாளர் கண்டதையன்று. தோட்ட உடைமையாளன் காண்பதையே எனலாம். இச்சலுகை எதற்குப் பயன்பட்டது என்பதே கேள்வி.

ஏறத்தாழ மூன்று வாரங்களில் எழுப்பப்பட்டு, கண்காட்சி முடிந்ததும் கலைக்கப்படும் இத்தோட்டங்களையும், அவற்றை வடிவமைத்தோரையும், பதக்கங்களையுமே ஒளிபரப்பு நீண்டநேரம் சுற்றிவருகின்றது. பெருங்கூடாரத்திலே, டஃபோடில் கிழங்குகளைக் குளிரறையில் வைத்துத் தாமதப்படுத்தியும், வேறு செடிகளைக் கண்ணாடிவீட்டில் விரைவுபடுத்தியும், வெவ்வேறு பருவத்துப் பூக்களை மே மாதத்தின் ஒரே வாரத்தில் மலர்விக்கும் செடி வளர்ப்போரின் உழைப்பு பெரும்பாலும் இடைச்செருகலாகவே வந்து போகின்றது. நறுமணத்தைத் திரை தரமாட்டாது; அது கருவியின் குறை. உழைப்பைத் தருதல் அதற்கு இயலும். நேரிற் செல்பவர், செடிக்குப் பின்னால் நிற்கும் வளர்த்தவரிடமே அதற்கு எத்தகைய மண் வேண்டும் எனக் கேட்கலாம். அவ்வுரையாடலைப் படம்பிடிக்கக் கயிறெதனையும் கடக்க வேண்டியதில்லை.