ஒரே தொண்டை, இரண்டு நண்பர்கள்

எங்கள் தாராவி சந்தில் மாலையானால் வீட்டுக்கு வீடு ஒரே சத்தம்: 'மோட்டு பத்லு'. 2012 அக்டோபரில் நிக்கலோடியனில் தொடங்கிய இந்தக் கார்ட்டூன் தொடருக்கு நான் பரம ரசிகன்.

படம் எங்கோ வெளிநாட்டில் உருவானதல்ல. நம் மும்பையின் காஸ்மோஸ் மாயா அனிமேஷன் கூடத்தில் வரையப்பட்டது. 'லோட்பாட்' என்ற இந்திச் சிறுவர் இதழில் வந்த சித்திரக்கதைதான் இதன் மூலம். சமோசா உள்ளே போனால் மோட்டுவுக்கு யானை பலம். யோசனை சொல்வது ஒல்லி பத்லு.

எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது: இந்தியில் மோட்டு, பத்லு இருவருக்குமே குரல் சௌரவ் சக்ரவர்த்தி! அவர்கள் சண்டை போடும்போது கண்ணை மூடிக் கேளுங்கள், இரண்டு ஆள் என்றே தோன்றும்.

தொடரில் வரும் இன்ஸ்பெக்டர் சிங்கம் தமிழர்களான நமக்குத் தூரத்து உறவு. 2010-இல் தமிழில் வந்த 'சிங்கம்' திரைப்படம் மறு ஆண்டே இந்திக்குப் போனது. அந்தப் போலீஸ் மிடுக்கின் கேலிச்சித்திரம்தான் இவர்; பேசுவதும் தென்னிந்திய வாடை வீசும் இந்தி.

அடுத்த முறை குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள். குரல் ஒன்றா, இரண்டா என்று அவர்களிடமே கேளுங்கள்.