விநியோக மசோதாவும் குழுநிலை ஆய்வும்

ஆண்டின் கடைசி மாதங்களில், பெரும்பாலும் அக்டோபரில், நிதியமைச்சர் மக்களவையில் வரவு செலவுத் திட்ட உரையை ஆற்றுகின்றார். மறுநாள் நாளேடுகளில் எந்தப் பள்ளிக்கு எவ்வளவு, எந்தச் சமுதாயத்துக்கு எவ்வளவு என்று பட்டியல் வெளிவருகின்றது. படித்து மகிழ்வோரும் உண்டு, முகம் சுளிப்போரும் உண்டு. இரு சாராரும் மறந்துவிடும் உண்மை ஒன்று உளது. உரை வேறு, சட்டம் வேறு. உரையில் சொன்ன தொகை சட்டத்தில் ஏறுகின்றதா என்று அறிய விரும்புவோர், சில வாரங்கள் கழித்து ஏடுகளின் உள்பக்கங்களுக்கு ஒதுங்கிவிடும் குழுநிலை விவாதத்தைத்தான் கவனித்தல் வேண்டும்.

குழு என்றவுடன், கணக்கறிந்த பத்துப் பன்னிருவர் தனியறையில் அமர்ந்து, ஏடுகளைப் புரட்டி, அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும் காட்சி நினைவுக்கு வரும். விநியோக மசோதாவைப் பொறுத்தவரையில் அஃது அன்று. மக்களவை முழுவதுமே குழுவாக மாறுகின்றது. உறுப்பினர்களும் இருக்கைகளும் மாறுவதில்லை. அதுவரை அவைத்தலைவர் என்று விளிக்கப்பட்டவர் குழுத்தலைவர் என்று விளிக்கப்படுகின்றார். கொள்கை அளவில் மசோதா ஏற்கப்பட்ட பின்னர், ஒவ்வோர் அமைச்சின் செலவுத் தலைப்பும் வரிசையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றது. உறுப்பினர்கள் சில நிமிடங்கள் பேசுகின்றனர், அமைச்சர் அல்லது துணையமைச்சர் விடையளிக்கின்றார், வாக்கெடுக்கப்படுகின்றது, அடுத்த அமைச்சு வருகின்றது. 2018 டிசம்பரில் வரவு செலவுத் திட்டத்துக்கெனத் தனித் தேர்வுக்குழு ஒன்று அமைக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் மசோதாவைத் தலைப்புத் தலைப்பாக நிறைவேற்றும் பணி இந்தப் பெருங்குழுவினிடமே நின்றுவிட்டது.

இக்குழு எதைத் திருத்தலாம்? அரசியலமைப்பின் 67ஆம் விதி இதற்கு விடை தருகின்றது. செலவைக் கூட்டும் திருத்தத்தை அமைச்சர் ஒருவரே கொண்டுவரலாம். ஏனைய உறுப்பினர் எவரும் ஒரு காசைக்கூட ஏற்ற இயலாது. அவர்கள் கைக்கு எட்டுவது குறைத்தல் ஒன்றே. அதிலும் எல்லாவற்றையும் குறைக்க முடியாது. 98ஆம் விதியின்படி அரசாங்கக் கடனின் வட்டி, ஓய்வூதியம், நீதிபதிகளின் ஊதியம் முதலியன திரட்டு நிதியின்மீது நேரே சுமத்தப்பட்டவை. அவை வாக்குக்கே வருவதில்லை.

இஃது அநீதி என்று சிலர் குறைகூறுவர். அவர்கள் கூற்று பொருந்தாது. கூட்டும் உரிமை எல்லாருக்கும் இருக்குமாயின், ஒவ்வோர் உறுப்பினரும் தம் தொகுதிக்கு ஒரு பாலம் கேட்பார். அதற்கு வரி விதிக்கும் பழியை ஏற்க மட்டும் எவரும் முன்வாரார். பிரிட்டிஷ் பொதுச்சபை 1713ஆம் ஆண்டிலேயே இவ்விதியைத் தன் நிலையாணையில் சேர்த்துக்கொண்டதற்கு இதுவே காரணம். அமெரிக்காவின் முறை வேறு. அங்கே அதிபர் அனுப்பும் திட்டம் ஒரு வேண்டுகோளே. காங்கிரசின் ஒதுக்கீட்டுக் குழுக்கள் அதைக் கூட்டலாம், குறைக்கலாம், புறந்தள்ளவும் செய்யலாம். நாம் வழிபற்றியது லண்டனை.

குறைப்பதும் பெரும்பாலும் பேச்சுக்காகவே என்பது சிங்கப்பூர் நாடாளுமன்றத்தைப் பார்த்தால் விளங்கும். அங்கே உறுப்பினர் ஒருவர் ஓர் அமைச்சின் மானியத்தில் நூறு வெள்ளி குறைக்க வேண்டும் என்று முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்கின்றார். நூறு வெள்ளியை மிச்சப்படுத்துவது அவர் நோக்கமன்று. இந்தத் தலைப்பில், இந்தப் பொருளைப் பற்றி, அமைச்சர் விடை கூறியே ஆகவேண்டும் என்பதற்கு அஃது ஒரு பிடி. விடை கிடைத்ததும் அவர் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கின்றார். உண்மையாகவே குறைத்த கதையும் உண்டு. 1919இல் பிரிட்டிஷ் பொதுச்சபை, பிரபுக்கள் சபைத் தலைவரின் இரண்டாவது குளியலறைக்குப் பணம் தர மறுத்தது. நூறாண்டு கடந்தும் அதையே எடுத்துக்காட்டாகக் கூற வேண்டியிருக்கின்றதே, அது போதாதா அவ்வுரிமை எத்துணை அரிதாகப் பயன்படுகின்றது என்பதற்கு?

மலேசியாவில் அண்மைக்காலத்தில் உண்மையான திருத்தம் எங்கே நடந்தது என்று பார்ப்போம். 2020 நவம்பர் 6ஆம் நாள் தாக்கல் செய்யப்பட்ட 32,250 கோடி வெள்ளித் திட்டத்தில், ஜாசா எனப்படும் சிறப்பு விவகாரத் துறைக்கு 8 கோடியே 55 லட்சம் வெள்ளி ஒதுக்கியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பிற்று. நோய்த்தொற்றுக் காலத்தில் பிரசாரத் துறைக்கு இவ்வளவா என்று இரு தரப்பினரும் கேட்டனர். நவம்பர் 26ஆம் நாள் கொள்கை விவாதத்துக்கு விடையளிக்கையில் நிதியமைச்சர் தெங்கு சாஃப்ருல் அசிஸ் அதனை 4 கோடியே 5 லட்சமாகக் குறைப்பதாக அறிவித்தார். குழுநிலை அப்பொழுது தொடங்கவே இல்லை. ஆளும் தரப்பின் பெரும்பான்மை நூலிழையாய் இருந்தமையால் அமைச்சரே இறங்கிவந்தார். அன்று தனித்தனி வாக்கெடுப்புக் கோர 15 பேர் எழுந்து நிற்க வேண்டியிருக்க, 13 பேரே நின்றனர், மசோதா குரல் வாக்கில் கடந்தது. டிசம்பர் 15ஆம் நாள் மூன்றாம் வாசிப்பில் கிடைத்த வாக்குகள் 111, எதிர்வாக்குகள் 108. மூன்று வாக்கு வேறுபாட்டில் நின்ற அரசைக்கூடக் குழுநிலை தோற்கடிக்கவில்லை. அப்படியிருக்க, வலுத்த பெரும்பான்மை உள்ள ஆண்டுகளில் குழு எதைத் திருத்திவிடும்?

இங்கேதான் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றிய கேள்வி எழுகின்றது. விநியோகச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பார்த்தால், கல்வி அமைச்சு என்ற ஒரு தலைப்பும் அதற்கு நேரே ஒரே ஒரு மொத்தத் தொகையுமே காணப்படும். உரையில் தமிழ்ப்பள்ளிகளுக்கென்று முழங்கிய தொகை அங்கே இராது. உள்விவரம் மதிப்பீட்டு நூலில் உண்டு. ஆனால் 1957ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டம், ஒரே தலைப்பின் கீழுள்ள ஓர் உட்பிரிவின் பணத்தை மற்றோர் உட்பிரிவுக்கு மாற்றக் கருவூலத்துக்கு இடந்தருகின்றது. மேலும் ஆசிரியர் சம்பளம் விநியோக மசோதாவைச் சேர்ந்தது, புதிய கட்டடமோ 1966ஆம் ஆண்டின் மேம்பாட்டு நிதிச் சட்டத்தின் கீழ்த் தனித் தீர்மானமாக வருவது. இரண்டையும் அவை சேர்த்தே விவாதிப்பதால் இவ்வேறுபாடு பலர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளிகள் பல பகுதி உதவி பெறுவனவாகவே இருந்து வந்துள்ளன. ஆசிரியருக்குச் சம்பளம் தவறாமல் வரும். கூரை ஒழுகினால், எந்தத் தலைப்பில் கேட்பது என்பதே வழக்காகிவிடும்.

ஆகவே உரைக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இப்பள்ளத்தில், அமைச்சரின் வாக்கை அதிகாரபூர்வ அறிக்கையில் ஏற்றிவைக்கக் கிடைத்த ஒரே படி குழுநிலைதான். அப்படியில் ஏறி நிற்போர் என்ன செய்கின்றனர்? தொகுதிச் சாலையையும் மண்டபத்தையும் வெள்ளத்தையும் அடுக்கி, இறுதியில் தமிழ்ப்பள்ளிகளுக்கு நிதியைக் கூட்டித் தருக என்று வேண்டி அமர்ந்துவிடும் பேச்சுகளே மிகுதி. கூட்ட முடியாத அவையில் கூட்டுக என்பது சுவரோடு பேசுவதன்றோ? துணையமைச்சரும் கருத்தில் கொள்வதாகச் சொல்லி நன்றி கூறுவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. அவரிடம் வினா எதுவும் கேட்கப்படவில்லையே!

கேட்கவேண்டிய வினாக்கள் சிறியவை. சென்ற ஆண்டு அறிவித்த தொகையில் இன்றுவரை செலவானது எவ்வளவு? எந்தெந்தப் பள்ளிகளுக்கு? மீந்தது எந்த உட்பிரிவுக்கு மாற்றப்பட்டது? இவ்வாண்டுத் தொகை மேம்பாட்டு மதிப்பீட்டின் எந்த வரியில் உள்ளது? இந்நான்கையும் கேட்க இரண்டு நிமிடம் போதும். எதிர்க்கட்சியினர்தாம் கேட்கவேண்டும் என்ற நியதியும் இல்லை. தொகையைக் குறைக்குமாறு கோராதபோது, ஆளுங்கட்சி உறுப்பினர் கேட்பதால் அரசு கவிழ்ந்துவிடாது.

மேலவையில் இப்பணியை முடித்துக்கொள்ளலாம் என்று கருதுவதும் வீண். 68ஆம் விதியின்படி, நிதி மசோதாவை மேலவை ஒரு மாதத்துக்குள் திருத்தமின்றி நிறைவேற்றாவிடினும், அது மாமன்னரின் ஒப்புதலுக்குச் சென்றுவிடும்.

நேரம் முடிந்துவிட்டால் விடை எழுத்தில் தரப்படும் என்று அமைச்சர் கூறுவதுண்டு. அதனைத் தட்டிக்கழிப்பு என்று எள்ளுவோர் அவசரப்படுகின்றனர். எழுத்தில் வந்த விடையில் எண்கள் இருக்கும், பள்ளிகளின் பெயர்கள் இருக்கும். அடுத்த ஆண்டு அதே தலைப்பு குழுவின் முன் வரும்பொழுது, அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுகின்ற உறுப்பினர், சொன்ன தொகையையும் செலவான தொகையையும் பள்ளி பள்ளியாக ஒப்பிட்டுக் கேட்கலாம்.