நெல்வயல் பக்கம் நின்ற இதழ்

போர்க் காமிக்ஸ் என்றாலே வீர சாகசம்தான் என்றிருந்த காலம். 1965-ல் அமெரிக்காவில் ஆர்ச்சி குட்வின் ஆசிரியராக இருந்து நடத்திய ‘பிளேசிங் காம்பாட்’ காமிக்ஸ் இதழ் அந்த வழியில் போகவில்லை. பெரும்பாலான கதைகளை அவரே எழுதினார். அலெக்ஸ் டோத், ஜான் செவெரின், வாலி வுட் போன்ற கைதேர்ந்தவர்கள் கறுப்பு வெள்ளையில் வரைந்தார்கள்.

இரண்டாம் இதழில் ஜோ ஆர்லாண்டோ வரைந்த ‘லேண்ட்ஸ்கேப்’ கதையின் நாயகன் சிப்பாய் அல்ல. வியட்நாமில் நெல் விளைவிக்கும் ஒரு பெரியவர். போர் அவருடைய வயலையும் உயிரையும் கொண்டுபோகிறது. இப்படிப்பட்ட கதைகளால் ராணுவ முகாம் கடைகள் இதழை விற்க மறுத்தன. விநியோகஸ்தர்களும் ஒதுக்கினார்கள். நான்கே இதழ்களோடு 1966-ல் நின்றுபோனது.

விற்பனையால் அளந்தால் குட்வின் தோற்றவர். போர் மூண்டெரியும்போதே அதில் சாகிறவர் பக்கம் நின்ற துணிவால் அளந்தால், பத்திரிகை ஆசிரியர்களில் அவருக்கு இணை சொல்வது கடினம்.