முகம் வேண்டாத கலை

உழவைக் கைக்கொண்ட ஆதி ஜனசமூகங்களுள் ஒன்றான எரிகோவில், ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன், இறந்தோரின் கபாலத்தின்மீது சாந்து பூசி, மூக்கும் கன்னமும் வடித்து, கண்களின் ஸ்தானத்தில் கிளிஞ்சல் பதித்து, மறைந்த முகத்தை மீட்க முயன்றார்கள். அதற்கு நெடுங்காலம் பிற்பட்ட இரும்புக் காலத்தில் நம் பழனி மலையில் வாழ்ந்தோர் முகத்தை நாடவில்லை. இறந்தவருக்கு வீடு கட்டினார்கள்.

பெருமாள் மலை, மச்சூர், பேத்துப்பாறை, தாண்டிக்குடிப் பக்கங்களில் நிற்கும் கற்திட்டைகளே அவை. மலைவாசிகள் குள்ளர் வீடு என்பார்கள். சேசு சபைத் துறவிகளான ஆங்கிளேடும் நியூட்டனும் இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது.

ஒரு திட்டையின் அருகே குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டும். உளி கொண்டு இழைக்காத பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, சாந்தின் துணையே இன்றி, அவற்றின்மேல் பெரும் பலகையொன்றைத் தாழ்வாரம்போல் வெளியே நீளும்படி ஏற்றியிருக்கிறார்கள்; கீழுள்ள கற்களைச் சாயவிடாமல் பிடித்து நிற்பது பெரிதும் அந்த மேற்கல்லின் பாரமே என்று உணர்கையில், அலங்காரம் ஒன்றுமில்லாத இந்தக் கட்டடத்தின் கம்பீரம் எங்கிருந்து வருகிறதென்பது விளங்கிவிடும். கல்லைச் செதுக்குவதைவிட, எந்தக் கல் எங்கே நிற்கும் என்று அறிவது அரிய வித்தை என்பேன்.

திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரில், ஈமக் கல்வட்டத்தினுள் மனித வடிவாகவே நிறுத்திய நெடுங்கல்லிலும் அகன்ற தோள்கள் உண்டு. கண்ணும் வாயும் இல்லை. முகத்தை விலக்கிய அந்தத் துணிவு எரிகோவின் கபாலங்களைக் காட்டிலும் என் மனத்தை ஆட்கொள்கிறது.

உருவத்தில் சிக்கனம் காட்டியவர்கள் கொடையில் காட்டவில்லை. தாண்டிக்குடி ஈமக்குழிகளில் சூதுபவள மணிகள் கிடைத்தன. மலையடிவாரத்துப் பொருந்தலில் 2009-லும் 2010-லும் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், நாலுகால் ஜாடியொன்றில் சுமார் 2 கிலோ நெல் இருந்தது; அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. விளைந்த நெல்லில் பங்கு தந்தே உற்றாரை வழியனுப்பியிருக்கிறார்கள்.

திட்டைகள் பல சரிந்துவிட்டன. புதையல் தேடுவோர் புரட்டிப்போட்டவையும் உண்டு. கொடைக்கானலுக்கு வரும் அன்பர்கள் ஏரியோடு திரும்பிவிடாமல் இவற்றையும் காண வேண்டும். மேற்கல்லின்மீது ஏறாமலும், அதில் பெயரெழுதாமலும் காண வேண்டும்.